ஆசானுக்குத் தெரியாத கார்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க டெக்னோபார்க்குக்குள் போகிறவர். 1990-ல் தொடங்கிய அந்த வளாகத்தில் டாடா எல்க்ஸி போன்ற நிறுவனங்கள் கார்களுக்கான மென்பொருள் எழுதுகின்றன. ஜப்பானின் நிசான் 2018-ல் தன் டிஜிட்டல் மையத்துக்கு இடம் தேடியபோது தேர்ந்தெடுத்ததும் திருவனந்தபுரத்தைத்தான். இன்னொருவர் பட்டறை ஆசான். இந்தப் பக்கத்தில் தொழில் சொல்லித்தருகிற எல்லோருமே ஆசான்தான். களரிக்கு ஓர் ஆசான், வைத்தியத்துக்கு ஓர் ஆசான், அம்பாசடருக்கும் ஓர் ஆசான். அவருக்கு மடிக்கணினி வேண்டாம். பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் காது கொடுத்தால் டேப்பெட் சத்தமா, வாட்டர் பம்ப் பேரிங்கா என்று சொல்லிவிடுவார்.

அப்படியொரு ஆசான் முன்னால், நாகர்கோவில் வீட்டு ஷெட்டிலிருந்து லாரியில் ஏற்றிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். கொண்டுவந்தவன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பேரன், வாங்கியது தாத்தா. ஆசானும் பேரனும் கற்பனை. கார் கற்பனையல்ல. சென்னைக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரில் செய்த கார் அது. தமிழ்நாட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி தெரியும் என்பதே கேள்விக்குரியதுதான்.

ஆசான் பழக்கதோஷத்தில் நேராகக் காரின் மூக்குக்குப் போகிறார். அம்பாசடரில் கிரில்லுக்கு மேலே விரலை விட்டுக் கொக்கியைத் தள்ளினால் பானட் வாயைத் திறக்கும். இங்கே அப்படி எதுவுமில்லை. தடவிப் பார்த்துவிட்டு நிமிர்கிறார். முன் சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாழ்ப்பாள். அவற்றை விடுவித்துத் தூக்கினால் பானட் மட்டுமல்ல, மட்கார்டு, ஹெட்லைட் என்று காரின் முகம் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடுகிறது. இன்ஜின் மூன்று பக்கமும் திறந்து நிற்கிறது. முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். நாற்பது வருஷம் அம்பாசடர் மட்கார்டின்மேல் வயிற்றை மடித்துக் குனிந்தே முதுகு போனவருக்கு இது எப்படியிருக்கும்! 'ஆருடா இது, மெக்கானிக்கின் கஷ்டம் தெரிஞ்சவன்?' என்று கேட்பார்.

கேள்விக்குப் பதில் உண்டு. டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோத்தி வரைந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியிட்டது. பெயர் வந்தது நிறுவனத் தலைவர் அலிக் டிக் வைத்திருந்த படகிலிருந்து. ஆனால் அந்தக் காரின் அமைப்பைத் தீர்மானித்தது ஒரு வியாபாரச் சண்டை. பிஷர் அண்டு லட்லோ என்ற கூடு செய்யும் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. சேஸிஸும் கூடும் ஒன்றாகவே பற்றவைத்த முழு உடலை அதற்கப்புறம் யாரிடம் போய் வாங்குவது? பழைய காலத்துத் தனிச் சேஸிஸுக்கே திரும்பினார்கள். அதன்மேல் முன் துண்டு, நடுத் துண்டு, பின் துண்டு, கூரை என்று தனித்தனியாக வைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். இக்கட்டில் எடுத்த முடிவு தூர தேசங்களுக்கு வசதியாகப் போயிற்று. துண்டு துண்டாகப் பெட்டியில் அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் பூட்டிவிடலாமே. சென்னைக்கு ஹெரால்டு வந்த வழி அதுதான்.

1953-ல் மத்திய அரசு, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாத கார் கம்பெனிகள் நடையைக் கட்டலாம் என்ற நிலையை எடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. கார் செய்ய மிஞ்சியவை முக்கியமாக மூன்று: கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற அந்த முக்கோணத்தில் நம் பக்கத்து மூலை மட்டும் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டது. 1961-ல் இங்கே தொடங்கிய ஹெரால்டு, படிப்படியாக உள்ளூர் பாகங்களுக்கு மாறியது. 1960களின் பிற்பகுதியில் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் கடைசிவரை நான்கு கதவு ஹெரால்டு செடான் வரவேயில்லை. மாமியார், மருமகள், மூன்று பிள்ளைகள் என்று ஏறும் குடும்பத்துக்காக வண்டலூர் செய்துகொண்ட திருத்தம் அது. 948 சி.சி. இன்ஜின் மட்டும் மாறவில்லை. கவென்ட்ரி அதற்குள் 1147 சி.சி.க்கும் அதற்கு மேலும் போய்விட்டிருந்தது.

பட்டறைக்குத் திரும்புவோம்.

ஆசான் பின்பக்கத்துக்கு ஜாக்கி போடுகிறார். கார் எழும்புகிறது, சக்கரங்கள் எழும்பவில்லை. இரண்டு பின் சக்கரங்களும் கீழே தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கி, சப்பணம் போடப் போகிறவனின் கால் மாதிரி நிற்கின்றன. ஜாக்கியை இறக்கினாலும் உடனே நேராகவில்லை. காரின் பின்புறம் வாலைத் தூக்கிய வாத்துபோல உயர்ந்தே இருக்கிறது. அம்பாசடரில் இந்தக் காட்சியைக் கண்டால் ஆசான் தலையில் கை வைத்துவிடுவார். அங்கே பின் ஆக்ஸில் ஒரே உலக்கை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கெட்டியான ஹவுசிங், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை. சக்கரம் சாய்ந்தால் ஏதோ ஒடிந்துவிட்டது என்று பொருள். ஹெரால்டில் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு முடுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இரண்டு அரை ஆக்ஸில்கள் பறவையின் இறக்கைபோல மேலும் கீழும் அசைகின்றன. ஸ்பிரிங் பட்டையும் ஒன்றே ஒன்று, குறுக்குவாக்கில். எதுவும் ஒடியவில்லை. பத்தடி முன்னும் பின்னும் உருட்டினால் சக்கரங்கள் தாமாக அகன்று நிமிர்ந்துவிடும்.

இந்த அரை ஆக்ஸில் விஷயத்தில் அன்றைய இந்திய மெக்கானிக்குகளுக்கும் ஹெரால்டுக்கும் ஒத்துப்போகவேயில்லை. சக்கரம் சாய்கிறது, டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்ற புகார் ஓயவில்லை. கடைசியில் கம்பெனியே இறங்கிவந்து வழக்கமான உலக்கை ஆக்ஸிலுக்கு மாற்றியது. 1970களில் வந்த கேசல் என்ற வாரிசுக் கார் அந்த ஆக்ஸிலோடுதான் ஓடியது. தெரியாத காரைத் தெரிந்துகொள்ளாமல், தெரிந்த காராக அதை மாற்றிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். மெக்கானிக்குகள் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டே சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கி, கார் வாலை வீசும். இங்கிலாந்திலும் இதே குற்றச்சாட்டு இருந்தது. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டாம்; சமதளத்திலேயே படித்துவிடுவது நல்லது.

அடுத்தது ஸ்பானர். ஃபியட்டிலும் மாருதியிலும் கை பழகியவனின் பெட்டியில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. பதின்மூன்று நம்பர் ஸ்பானர் அதில் சுகமாக நுழையும், பிடித்துவிட்டது போலவும் தோன்றும். ஆனால் நடுவில் 0.3 மி.மீ. காலியிடம். ஐம்பது வருஷத் துரு பிடித்த போல்ட்டை அந்த இடைவெளியோடு அழுத்தித் திருப்பினால் அறுகோணம் வழுக்கி உருண்டையாகிவிடும். அதன்பின் உளிதான், கேஸ் வெல்டிங்தான். பழைய காரில் உருண்டுபோன போல்ட் தலைகளைப் பார்த்தே, இதற்கு முன் கை வைத்தவன் எந்தக் காரில் வளர்ந்தவன் என்று சொல்லிவிடலாம். அம்பாசடர் ஆசானிடம் அங்குல ஸ்பானர் செட் இருக்கும். பேரன் இணையத்தில் வாங்கிய பளபளப்பான செட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, 'அது வேண்டாம் மக்களே, மேலத்தட்டில் பழந்துணியில் சுத்தி வச்சிருக்கேன், அதை எடு' என்பார். ஹெரால்டைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் இந்த இடத்தில் பாதி தெரிந்துவிடுகிறது.

பேட்டரியைப் பூட்டப்போகும் பேரனின் கையையும் அவர்தான் தடுப்பார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த்தாக இருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். கறுப்பு வயர் என்றால் நெகட்டிவ் என்று நம்பிப் பூட்டுவது, பெயர்ப்பலகை இல்லாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்குவது மாதிரி. முதலில் வயரைத் தொடர்ந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

தெரியாத பழைய காரைத் தெரிந்துகொள்வதில் உள்ள ருசியே இதுதான். கார் மட்டும் அங்கே பேசுவதில்லை. ஐம்பது வருஷமாக அதைத் தொட்ட கைகளெல்லாம் பேசுகின்றன. எந்த ஊர்ப் பட்டறையில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளுக்கு இரும்புத்தகடு ஒட்டினார்கள், எந்தக் கடலோரக் காற்று அடித்தளத்தை அரித்தது, எந்தத் தீபாவளிக்கு முன்னால் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தார்கள், எவர் கார்புரேட்டருக்கு வேறொரு காரின் ஜெட்டைத் திணித்தார்கள் என்பதெல்லாம் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. சுரண்டச் சுரண்ட வரும். அசல் பாகம் கிடைக்காத நாட்டில் எந்த பாகம் கைக்குக் கிடைத்ததோ அதை வைத்து ஓட்டினார்கள். இது குறையாகவும் தெரியலாம், வரலாறாகவும் தெரியலாம். கட்டுரையாளரின் கண்ணுக்கு வரலாறு.

அரசின் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. இரு சக்கரமோ நான்கு சக்கரமோ, 50 வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். இதுவரை சரி. இனிமேல்தான் இரண்டு முட்கள். ஒன்று, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. இரண்டு, பழம்பெரும் வண்டியாகப் பதிவானதை வழக்கமான பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம்.

இந்த விதியை எழுதியவர்களின் மனக்கண்ணில் எந்தக் கார் நின்றிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கழக்கூட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பட்டம் அரண்மனையின் பென்ஸைப் போன்ற ஒரு கார். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) 1950களில் 12,000 ரூபாய்க்கு வாங்கிக் கண்ணாகக் காத்த மெர்சிடிஸ் 180 டி அது, நம்பர் சி.ஏ.என். 42. லுலு குழுமத்தின் யூசுப் அலிக்கு அது போகிறது என்று 2022-ல் செய்தி வந்தபோது பத்திரிகைகள் படத்தோடு கொண்டாடின. கொண்டாட வேண்டிய கார்தான். பராமரிக்க ஆளும் பணமும் கம்பெனியின் ஆதரவும் இருந்த கார் அசலாக இருப்பதில் அதிசயமில்லை. நாகர்கோவில் ஷெட்டில் பனையோலைக்கு அடியில் நின்ற ஹெரால்டு எப்படி அசலாக இருக்கும்? கம்பெனியே மாற்றிய ஆக்ஸிலை ஒரு மெக்கானிக் மாற்றியிருந்தால் அது 'பெரிய மாற்றம்' ஆகிவிடுமா? கூட்டையே ஐந்தாறு துண்டாகக் கழற்றிப் பூட்டும்படி செய்த காரில், ஒரு துண்டை மாற்றினால் அது அசலா இல்லையா? விதியின் வாசகம் இங்கே உதவிக்கு வராது.

இந்தப் பிரிவில் சேராமல் சாதாரண காராகவே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் விலை ஏறிவிட்டது. 15 வயது தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000 என்றார்கள். ஊரைப் புகையால் நிரப்பும் பழைய வண்டிகளை ஓரங்கட்ட வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓடும் 948 சி.சி. காரும் தினம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் பழைய டாக்சியும் ஒரே தராசில் ஏறுகின்றன.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் எல்லாமே தாராளம் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, 30 வயது போதும் என்கிறது. ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு அல்லாத வண்டி என்று அதுவும் நிபந்தனை வைக்கிறது. அதே அமைப்பு 2012-ல் ஏற்ற டூரின் சாசனம் வண்டிகளைச் சாலையில் ஓட்டுவதைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. ஓடினால்தான் அதைச் சார்ந்த தொழிலறிவும் தங்கும் என்பது அதன் கணக்கு. பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்குச் சாலை வரியும் இல்லை, 2018-லிருந்து ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. நமக்கு அவ்வளவு வேண்டாம், சோதனை இருக்கட்டும். பிரேக் பிடிக்காத காரை யாரும் பாரம்பரியம் என்று சொல்லி சந்திப்பில் இறக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று ஓடோமீட்டர் கணக்கில் வரம்பு வைத்து, அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போ என்று விடலாமே. 'பேரணிக்குத்தான் போகிறேன்' என்று பொய் சொல்லிக்கொண்டு ஆற்றிங்கலுக்கு டீ குடிக்கப் போகும் அவஸ்தை மிச்சமாகும். மாற்றங்களைப் பொறுத்தவரை, எது எப்போது ஏன் மாறியது என்று எழுதி, படத்தோடு ஒப்படைத்தால் ஏற்கலாம். அசல் என்பதற்கு ஷோரூமிலிருந்து வந்த நாள் மட்டும்தான் சாட்சியா?

உதிரிபாகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 1962-லிருந்து 1980 வரை செய்தார்கள். ஹெரால்டின் முன் சக்கரத் தாங்கியை லோட்டஸ் போன்ற பந்தயக் கார்க்காரர்கள்கூட எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதனால் புஷ், பால் ஜாயின்ட், பிரேக் ரப்பர் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரும். வராதது எது? வண்டலூரில் மட்டும் செய்த நான்கு கதவுக் கூட்டின் பின்கதவு, அதன் கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங். கவென்ட்ரியில் பிறந்தது கிடைக்கிறது, செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தது உலகத்தில் எங்கும் கிடைப்பதில்லை. கேசல் 1977-ல் நின்றது. 1985-ல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 கூட்டுக்குள் அரதப்பழைய இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தார்கள். விலையும் அதிகம், தாகமும் அதிகம். 1988-ல் எல்லாம் முடிந்தது. கம்பெனியோடு வரைபடங்களும் அச்சுகளும் போயின.

இலங்கையில் இதற்கு நேரெதிரான கதை நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கைக் கூட்டாளிகளோடு சேர்ந்து மோரிஸ் மைனருக்கான பாகங்களை அங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்ப ஒரு தொழிற்சாலை தொடங்கினார். தெருவெல்லாம் மோரிஸ் மைனர் ஓடிய நாடு, அதைச் சரிசெய்யும் கைகளும் நிறைந்த நாடு. அந்தக் கைகளை ஒரு வெளிநாட்டுக்காரர் கண்டுகொண்டார். அம்பத்தூரிலும் கோவையிலும் தகடு அழுத்துகிற, ரப்பர் வார்க்கிற சின்னப் பட்டறைகளுக்கு நான்கு கதவு ஹெரால்டின் பீடிங் பெரிய வித்தையா? ஒரு நல்ல கதவை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வைக்க டெக்னோபார்க் பையன்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும். அரசு செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் மாதிரி ஏதாவது ஓர் இடம் இந்த வரைபடங்களை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். கூடவே ஆசான்களையும் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது 2014 மே மாதத்தில். அதற்கு முன்பே தொழில் கற்றவர்களுக்கு இப்போது வயது என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேரன் இடையிடையே போனை நீட்டி 'ஆசானே, இதில் இப்படிப் போட்டிருக்கு' என்பான். ஆசான் படிக்கமாட்டார், காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'அது இங்கிலீஷ்காரன் கார். இது நம்ம கார். இதிலே வேறே' என்பார். சில சமயம் போன் சொல்வது சரியாக இருக்கும், அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன்படியே செய்வார். ஆறு மாதம் போனால் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் அங்குல அளவுகள் எழுதியிருக்கும். பின் சக்கரம் எத்தனை விரல் சாய்ந்தால் சரி என்றும் ஒரு கோடு போட்டிருக்கும். மேம்பாலத் தூண்களுக்கு அடியில் யூ-டர்ன் அடிக்கும்போது அம்பாசடருக்குச் சுமார் 35 அடி வட்டம் வேண்டும். ஹெரால்டுக்கு 25 அடி போதும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்ததும் கார் நின்ற இடத்திலேயே சுழல்வதுபோலத் திரும்ப, ஆசான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடியும் ஒருமுறை திருப்புவார். தேவையே இருக்காது.

கடைசியில் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். கழக்கூட்டத்துக்கென்று இப்போது தனி எண், கே.எல். 22. மைதானத்தில் ஆய்வாளர் காரைச் சுற்றிவந்து பின்னால் குனிவார். டயர் மாற்றி அப்போதுதான் ஜாக்கியிலிருந்து இறக்கிய கார். இரண்டு சக்கரங்களும் சப்பணம் போட்ட மாதிரி நிற்கும்.

"என்ன இது, ஆக்ஸில் வளைஞ்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல சாரே. பத்தடி உருட்டிட்டு மறுபடி பாருங்க."